பலகைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மாவின் அறுவைசிகிச்சை, வீடு மாற்றம் என்று நாட்கள் ஓடிவிட்டன. அம்மா இப்போது நன்றாக நடக்கிறார், உன்னைக் கேட்டார். மற்றதெல்லாம் நேரில். இன்று ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

1952ல் ஹாங்காங்கில் எடுத்தது. 'ஒரு பலகைத் தடுப்பு' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். இயக்கியவர் ஜூ ஷிலின். ஒரே வீட்டைப் பலகை அடித்துப் பிரித்து இரண்டு குடித்தனங்கள். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கத்தாருக்கு ஆகாது. முகம் பார்க்காமலேயே பகை வளர்கிறது. எனக்கு உடனே திருவல்லிக்கேணி மேன்ஷன்தான் ஞாபகம் வந்தது. டிரான்சிஸ்டர்காரரோடு நீ போட்ட சண்டை! அப்புறம் உனக்குக் காமாலை வந்தபோது தினமும் மோர் கொண்டுவந்ததும் அவர்தானே.

அன்றிலிருந்து ஜூ ஷிலினைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஷாங்காயில் தொடங்கி, 1946ல் ஹாங்காங் வந்து, 1964 வரை ஓயாமல் படம் எடுத்த மனிதர். வாடகை, வேலை, பண்டிகைச் செலவு, இவைதான் அவருடைய கதைகள். 1953ல் வந்த 'நடு இலையுதிர்கால நிலா'வில் ஒரு குமாஸ்தா, பண்டிகைக்கு முதலாளிக்குப் பரிசு வாங்கித் தரப் படும் பாட்டைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அவரைத் துரத்தியது 1948ல் எடுத்த அரண்மனைப் படம். சீர்திருத்தம் செய்யப் பார்த்த சீனப் பேரரசர் குவாங்ஷுவையும் அவருடைய இளைய மனைவி ஜென்னையும் பெரியம்மா சிஷி வதைக்கும் கதை. ஜென்னாக நடித்தவர் பாடகி ஜோ ஷுவான். அரண்மனையையும் ஜூ ஷிலின் ஒரு மாமியார் வீடாகத்தான் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சீனத் தலைவர் மாவோவுக்கு அது தேசத்துரோகப் படமாகத் தெரிந்தது. 1900ல் அந்நியரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சியை அது இழிவுபடுத்துகிறது என்பது குற்றச்சாட்டு.

மணி, இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'பலகைத் தடுப்பு'க்கு 1957ல் பெய்ஜிங்கின் கலாசார அமைச்சகமே விருது கொடுத்திருக்கிறது. பத்தே வருடம். 1967 ஜனவரி 3ஆம் தேதி மாவோவின் ஆதரவாளரான விமர்சகர் யாவ் வென்யுவானின் கட்டுரை வருகிறது, அரண்மனைப் படத்தைப் பற்றிய மாவோவின் அந்தத் தீர்ப்போடு. ஜனவரி 5ஆம் தேதி ஜூ ஷிலின் இறந்துபோகிறார், வயது 67. ஹாங்காங்கில் பத்திரிகையில் அதைப் படித்த அதிர்ச்சியில் விழுந்தார் என்கிறார்கள். ஏப்ரலில் அதே படத்தை வைத்துச் சீன ஜனாதிபதி லியு ஷாவோசியைத் தாக்கினார்கள். ஜனாதிபதியை வீழ்த்த ஒரு கல் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தாரே! பல வருடங்களாகக் கம்யூனிஸ்டுகளை நம்பி, அவர்கள் பக்கம் நின்று படம் எடுத்த மனிதர்.

வட்டு அனுப்புகிறேன், பார். டிரான்சிஸ்டர்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து எழுது. அவருக்கும் ஒன்று அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
ரவி