பேனலில் இல்லாத அலுவலகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் பில்டிங் சொசைட்டிகளுக்கும், அவர்கள் சார்பில் பேசும் யூகே ஃபினான்ஸ் அமைப்புக்கும்,

வணக்கம்.

நான் சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி, இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், ஒரே ஒரு சொலிசிட்டரை நம்பி நடக்கிற அலுவலகத்தில் பதினாறு வருடமாக வீட்டுக் கோப்புகள் பார்க்கும் கிளார்க். எந்தச் சொலிசிட்டரை நம்பலாம் என்று நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில், அதாவது பேனலில், இருந்து எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்களை எடுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதினேன். ஒரு குறிப்பு எண் வந்தது. எண் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை. அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகங்களில் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

2024 டிசம்பரில் ஒரு தம்பி தாயையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். இல்ஃபோர்டில் இரண்டு அறை ஃபிளாட், விலை 385,000 பவுண், வாழ்க்கையில் முதல் வீடு. புரோக்கர் கடன் விண்ணப்பத்தில் எங்கள் பெயரைப் போட்டார். உங்களில் ஒருவரின் பேனலில் அன்று எங்கள் பெயர் இருந்தது. வீட்டைப் பற்றி விசாரித்துப் பார்க்கும் கவுன்சில் சேர்ச், தண்ணீர் வடிகால் சேர்ச், சுற்றுச்சூழல் சேர்ச் எல்லாவற்றுக்கும் அவன் காசு கட்டினான். எங்கள் சொலிசிட்டர் ஃபிளாட்டின் லீஸை, அதாவது குத்தகைப் பத்திரத்தை, வரிவரியாகப் படித்தார். கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சேர்விஸ் சார்ஜ் கணக்கில் இடித்த ஓரிடத்தைப் பிடித்து, கேள்வி அனுப்பி, பதிலும் வாங்கினார். மார்ச் 28 வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்பு (சாவி) வாங்குவது என்று பேச்சு. பெப்ரவரி கடைசியில் கடன் ஆஃபர் வந்தது. கூடவே ஒரு வரி: நீங்கள் சொன்ன சட்டத்தரணி எங்கள் பேனலில் இல்லை.

விசாரித்தோம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த வங்கியின் கடனில் நாங்கள் போதிய வீடுகள் முடிக்கவில்லையாம், அதனால் எடுத்துவிட்டார்களாம். முறைப்பாடு ஒன்றும் இல்லை, பிழை ஒன்றும் இல்லை. எடுத்ததை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார்கள். அது எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இதை வாசிக்கிற எங்கள் சனத்துக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் நொத்தாரிசு ஒருவரே இரண்டு பக்கத்தையும் முன்னால் இருத்தி உறுதி முடித்துவிடுவார். இங்கே வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு வேறொருவர். ஆனால் கடன் கொடுக்கும் வங்கிக்குப் பெரும்பாலும் தனி ஆள் கிடையாது. வாங்குபவரின் சொலிசிட்டரே வங்கிக்கும் சொலிசிட்டர். வீட்டின் உரித்து சரி, உங்கள் அடமானத்தைப் பாதுகாப்பாகப் பதியலாம் என்று அவர் ஒரு சர்ட்டிஃபிகேட் அனுப்புவார். அதை நம்பித்தான் வங்கி பணத்தை இறக்கும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் கடனைப் பதிவதும் அவர் பொறுப்பு.

அவர் எதைப் பார்க்கவேண்டும், எதை வங்கிக்குச் சொல்லவேண்டும் என்பதெல்லாம் 1999இல் வந்த, கடன் கொடுப்பவர்களின் ஹேண்ட்புக் என்ற கையேட்டில் இருக்கிறது. முதல் பாகம் எல்லா வங்கிக்கும் பொது. இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த விருப்பு வெறுப்பை எழுதிவைத்திருக்கும். விற்பவர் வீட்டை வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் சொல்லவேண்டும். விலையில் ஏதும் கழிவு கொடுத்தால் சொல்லவேண்டும். டிபொசிட் காசு வாங்குபவரின் சொந்தக் காசு இல்லை என்றாலும் சொல்லவேண்டும். அப்படிச் சொல்வதற்கு வாங்குபவர் சம்மதிக்கவில்லை என்றால், வங்கிக்காக வேலை செய்வதை அவர் நிறுத்தவேண்டும். இவ்வளவு நம்பிக்கையை ஒருவரிடம் வைக்கும்போது, யாரை நம்புவது என்று வங்கி ஒரு பட்டியல் வைப்பதில் எனக்கு வழக்கே இல்லை. அந்தப் பட்டியல்தான் பேனல்.

சொலிசிட்டர்மார் பிழை விடுவார்கள். ஏஐபி வங்கி 33 இலட்சம் பவுண் கொடுத்த ஒரு ரீமோர்ட்கேஜில், அதாவது பழைய வங்கிக் கடனை அடைத்துப் புதிய வங்கிக்கு மாறும் ஏற்பாட்டில், பழைய வங்கியின் இரண்டு கணக்கில் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். புதிய வங்கிக்கு முதல் அடமானம் கிடைக்கவில்லை. 2014இல் சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கு அது. வீட்டுக்காரர் மாதிரி நடித்து வீட்டை விற்ற கள்ளர்களையும் இந்தத் தொழில் பார்த்திருக்கிறது. நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, சரி.

ஆனால் அந்தப் பயத்தை எதைக்கொண்டு அளக்கிறீர்கள்? உங்களில் சிலர் தனி ஆளாகத் தொழில் செய்யும் சொலிசிட்டரைச் சேர்ப்பதே இல்லை, குறைந்தது இரண்டு பங்குதாரர் வேண்டும் என்கிறீர்கள். சிலருக்கு வருடத்துக்கு இத்தனை வீடு என்று கணக்கு. பலருக்கு, சொலிசிட்டர்மாரின் சங்கமான லோ சொசைட்டி வீட்டு வேலைக்குத் தரும் சீக்யூஎஸ் தரச்சான்று கட்டாயம். அந்தத் தரச்சான்று 2011இல் தொடங்கியது. எங்களிடம் இருக்கிறது, பரீட்சை மாதிரிப் படித்து ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிறோம். அதில் குறை சொல்லமாட்டேன், வேலையைப் பார்த்துத் தருகிற சான்று அது. மற்றவை எல்லாம் ஆள்தொகையைப் பார்ப்பவை.

ஆள்தொகையைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2023 ஒக்டோபரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சொலிசிட்டர்மாரைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏ, ஆக்சியம் இன்ஸ் என்ற சட்ட நிறுவனத்தைப் பூட்டியபோது, கட்சிக்காரர்களின் கணக்கிலிருந்து 6 கோடி பவுணுக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வேலை செய்த இடம் அது. எங்கள் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்கில் ஒரு பவுண் இடறினால் சொலிசிட்டர் அன்று மதியம் சாப்பிடமாட்டார். பிழை விட்டால் நட்டஈடு கொடுக்கும் காப்புறுதிக்கும் அளவு பார்ப்பது கிடையாது. எவ்வளவு சின்ன அலுவலகமாக இருந்தாலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது 20 இலட்சம் பவுண், கம்பெனியாகப் பதிந்திருந்தால் 30 இலட்சம், எடுத்தே ஆகவேண்டும் என்று எஸ்ஆர்ஏ சட்டம் வைத்திருக்கிறது.

2012 தொடக்கத்தில் எச்எஸ்பிசி தன் பேனலை 43 நிறுவனங்களாகச் சுருக்கியதைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவில்லை. நாடு முழுவதற்கும் 43! பெரிய எதிர்ப்புக் கிளம்பி, பிறகு கதவை அகலமாகத் திறந்தார்கள். இப்போது யாரும் அப்படி ஒரேயடியாக வெட்டுவதில்லை. ஒவ்வொரு பெயராக, சத்தமில்லாமல் உதிர்கிறது. பேனலில் இல்லை என்றால் புரோக்கர் எங்கள் பெயரைப் போடமாட்டார். போடாவிட்டால் கோப்பு வராது. கோப்பு வராவிட்டால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வங்கியும் எடுத்துவிடும்.

எங்களைப் போன்ற இடங்களுக்கு ஏன் சனம் வருகிறது என்று நீங்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம். டிபொசிட் காசு எங்கிருந்து வந்தது என்று 2017 பணச்சலவைச் சட்டப்படி கேட்டாகவேண்டும். எங்கள் ஆட்களிடம் கேட்டால் பாதிப் பேர் சீட்டுக்காசு என்பார்கள். கோல் சென்டரில் இருக்கும் பிள்ளைக்குச் சீட்டு என்றால் என்ன என்று தெரியாது, சந்தேகம் என்று குறித்துவிடும், அல்லது ஆறு வாரம் கோப்பைக் கிடப்பில் போடும். எங்கள் சொலிசிட்டர் சீட்டுக் கொப்பியை வாங்கி, யார் தாச்சி (சீட்டு நடத்துபவர்), எத்தனை பேர், எந்த மாதம் எடுத்தது என்று கேட்டு, ஒவ்வொரு வரவையும் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பார். ஒத்துவராவிட்டால் கோப்பை எடுக்கமாட்டார், சொந்தக்காரனாக இருந்தாலும். இந்தத் தம்பியின் தாய் மகனுக்கு 30,000 பவுண் அன்பளிப்பாகக் கொடுத்தார். இந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லை, பிறகு திருப்பிக் கேட்கவும் முடியாது என்பதைத் தமிழில் அரை மணி நேரம் விளங்கப்படுத்தி, மகனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். அது உங்களுக்கும் பாதுகாப்புத்தான்.

(இன்னொன்று. எஸ்டேட் ஏஜென்ட் "எங்கள் பேனல் சொலிசிட்டர்" என்று ஒருவரைக் கைகாட்டுவார். அது வேறு பேனல், பெரும்பாலும் ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குகிற ஏற்பாடு. வீடு வாங்கும் தம்பி தங்கைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

சரி, அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது? வங்கி தனக்கென்று பேனலில் இருந்து வேறொரு நிறுவனத்தைப் போட்டது. அதற்கான 600 பவுணும் வாட் வரியும் இவன் தலையில். அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். நாங்கள் கேட்ட கேள்விகளையே திரும்ப எங்களிடம் கேட்டார்கள். மார்ச் 28 போனது. முதல் வீடு வாங்குபவருக்கு 425,000 பவுண் வரை இருந்த ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) விலக்கு ஏப்ரல் 1ஆம் திகதி 300,000க்கு இறங்கியது. திறப்பு கைக்கு வந்தது ஏப்ரல் 17, பெரிய வியாழன். மிஞ்சிய 85,000க்கு 5 வீதம், 4,250 பவுண். மார்ச்சில் முடிந்திருந்தால் ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை.

பேனலைக் கலையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருவரை எடுப்பதென்றால், அவர் கையில் இருக்கும் கோப்புகளை முடிக்க விடுங்கள். விண்ணப்பம் வந்த திகதியில் பேனலில் இருந்தவர் அந்தக் கடனுக்குக் கடைசி வரை இருக்கட்டும், அவர் மேல் முறைப்பாடோ விசாரணையோ வந்தால் தவிர. சொலிசிட்டர் பேனலில் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கடன் கிடைக்கும் என்று முதன்முதல் சொல்லும் அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள், வாங்குபவர் சேர்ச்சுக்குக் காசு கட்ட முன்பே. உங்களில் சிலர் இணையத்தில் தேடிப் பார்க்க வசதி வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அப்படித் தேடவேண்டும் என்றே தெரியாதவர்கள்தான் முதல் வீடு வாங்குகிறவர்கள். வேறு ஆளைப் போடுவது உங்கள் முடிவு என்றால், அவருடைய பில்லும் உங்களுடையதாக இருக்கட்டும். எடுத்ததற்குக் காரணத்தை ஒரு பந்தியாவது எழுதி, நாங்கள் பதில் சொல்ல ஒரு மாதம் தாருங்கள்.

திரும்பச் சேர்வதற்கான படிவத்தை அந்த வங்கிக்குப் போன மாதம் நிரப்பினேன். பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதத்தில் எங்கள் கடனில் எத்தனை வீடு முடித்தீர்கள்? பூச்சியம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
புடவைக் கடை மேல்மாடியிலிருந்து ஒரு கிளார்க்