பிரஷர் சுகர் பாக்க வர்றப்ப பழைய தீக்காயத் தழும்பையும் ஒரு தடவ பாருங்க

மதுரை மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா வர்ற அக்காமாருக்கும் வணக்கம்.

மேலூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். 1989ல மண்ணெண்ண ஸ்டவ் வெடிச்சு எங்கம்மாவுக்கு வலது முட்டிக்குப் பின்பக்கம் வெந்து போச்சு. அப்ப தோல் எடுத்து ஒட்டணும்னு யாரும் சொல்லல, மருந்து போட்டுப் போட்டு தானா மூடுச்சு, மூடுன எடத்துல தோல் இழுத்துக்கிட்டு கால முழுசா நீட்டவே முடியல. ஆனா நாத்து நடப் போகாம எங்க வீட்டுல அடுப்பு எரியாது. குனிஞ்சு நிமிர்றப்ப தழும்பு வெடிக்கும், பொருக்கு கட்டும், ஆறும், அடுத்த நடவுக்கு மறுபடி வெடிக்கும்.

2022ல வெடிச்சது ஆறவே இல்ல. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பாத்துட்டு ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன், சுகர் இல்லன்னு டெஸ்ட்ல வந்தும் எட்டு மாசம் களிம்பு, ஊசி, கட்டு இதேதான், ஒரு தடவ கூட சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பல, எனக்கும் கேக்கத் தெரியல. அந்த எட்டு மாசத்த நெனச்சா இன்னும் மனசு ஆறல.

பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு பிரஷர் பாக்க வந்த அக்காதான், திண்ணைல இருந்த அம்மாவப் பாத்து "என்ன மதினி கட்டுல ரத்தம் கசியுது, அவுத்துக் காட்டுங்க"ன்னாங்க. ஓரம் தடிச்சு மேல எழும்பி, நடுவுல காலிஃபிளவர் மாதிரி, தொட்டா ரத்தம். "இது சாதா புண்ணு இல்ல, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சொன்னாங்க.

ஓரத்துல சதை எடுத்துப் பாத்ததுல ஸ்குவாமஸ் செல் கேன்சர், தோலோட மேல் அடுக்குல வர்ற ஒரு வகை. தோல் கேன்சர் வெள்ளக்காரங்களுக்கு வெயில்ல வர்றதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன். நம்ம தோல்ல நிறம் குடுக்குற மெலனின் அதிகம், வெயில்ல இருந்து நெறையவே காப்பாத்தும், ஆனா நம்மாளுகளுக்கு இந்தக் கேன்சர் பழைய தீக்காயத் தழும்புலயும் வருசக்கணக்கா ஆறாத புண்ணுலயும்தான் அதிகமா வருதாம். தழும்புல வர்றதுக்கு மார்ஜொலின் அல்சர்னு பேரு, 1828ல இந்தப் புண்ணப் பத்தி எழுதுன பிரெஞ்சு சர்ஜனோட பேரு அது. தீக்காயம் பட்டு சராசரியா 30 வருசம் கழிச்சு வருது, அம்மாவுக்கு 33. எல்லாத் தழும்பும் இப்படி ஆகாது, நூத்துல ஒண்ணு ரெண்டுதான், ஆனா வெயில்ல வர்றத விட இது சீக்கிரமா நெறிக்கு, அதாவது கவடு, அக்குள்ல இருக்குற நிணநீர் முடிச்சுக்குப் பரவும்.

அம்மாவுக்கு கவட்டுல நெறி கட்டியிருந்துச்சு, ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட் பண்ணுனதுல நல்லவேளை கேன்சர் இல்ல. புண்ணச் சுத்தி நல்ல தோலையும் சேத்து அகலமா வெட்டி எடுத்து, தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டுனாங்க. பக்கத்து பெட்டுல ஒரு அக்காவுக்கு எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னு காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. எலும்புக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது அந்தக் கட்ட அவுத்துப் பாத்திருந்தா அந்தக் கால் தப்பிச்சிருக்கும்.

அதனாலதான் கேக்குறேன். வீட்டுக்கு வர்றப்ப நிரப்புற பாரத்துல ஒரே ஒரு கேள்வி சேருங்க, பழைய தீக்காயத் தழும்பு இருக்கா, அதுல மூணு மாசமா ஆறாத புண்ணு இருக்கான்னு. பொம்பளைங்க சேலைக்குள்ள மறைச்சுருவாங்க, நீங்களா கேட்டாத்தான் காட்டுவாங்க. இருந்தா களிம்பு வேணாம், நேரா சதை டெஸ்டுக்கு அனுப்புங்க. புதுசா ஆழமா வெந்தவங்களுக்கு, முக்கியமா மூட்டு மடங்குற எடத்துல, ஆரம்பத்துலயே தோல் ஒட்ட வைங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையப் பத்தியும் சொல்லுங்க, செலவுக்குப் பயந்தே பாதிப் பேர் வர்றதில்ல.

அக்காமாருக்கு ட்ரெய்னிங் போட்டா அம்மாவ நானே கூட்டிட்டு வர்றேன். முப்பது வருசமா யார் கண்ணுலயும் படாம மறைச்ச காலு, இப்ப "வர்றவுகளுக்கெல்லாம் காட்டுறேன்யா"ன்னு சொல்லிட்டாங்க.