கல்லைப் புரட்டிப் பார்க்கவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளத்து (ஓடைத்) தண்ணீர் குளிக்கத் தகுந்த தரத்தில் இருப்பதாகப் போன வாரம் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. அதற்காகத் தண்ணீர் மாதிரி எடுத்த அன்று நான் பக்கத்தில்தான் மாட்டுக்குத் தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. பகல் பதினொன்றரை மணிக்கு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பாலத்தின் மேலிருந்தே வாளியை இறக்கி மொண்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தில் கால் வைக்கவில்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடியபோது, பேரூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பினேன். பட்டறையில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 2100-க்குக் கீழே காட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதனால் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீர் நல்லது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பழைய நான்தான் ஞாபகம் வருகிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, குளிக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3-ஐத் தாண்டக் கூடாது. அளவு சரிதான். ஆனால் ஆக்சிஜன் பார்க்கிற தண்ணீரை 300 மில்லி கண்ணாடி பாட்டிலில், நீருக்குள்ளேயே முக்கி, ஒரு குமிழ்கூட இல்லாமல் மூட வேண்டும். ஆக்சிஜனை அப்படியே பிடித்துவைக்கும் சோதனை மருந்தும் அந்த இடத்திலேயே விட வேண்டும். கால்வாசி காற்றோடு பைக்கில் குலுக்கிக்கொண்டு போனால், வழியிலேயே ஆக்சிஜன் ஏறிவிடும்.

அதைவிட முக்கியம் நேரம். பாசி பிடித்த தண்ணீர் பகலில் ஆக்சிஜனை வெளியே விடும், இரவில் தானே இழுத்துக்கொள்ளும். பழக்கதோஷத்தில் நான் பழைய பாட்டில்கள் இரண்டை வைத்திருக்கிறேன். சித்திரையில் ஒருநாள் விடிவதற்கு முன்னால் பாலத்தடி மடுவில் பிடித்து மருந்து விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் படிவு பழுப்பாக இறங்கும், இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். எனக்கு மோர் மாதிரி வெள்ளையாக நின்றது. அதே மடுவில் மதியம் மூன்று மணிக்குப் பிடித்தால் நல்ல டீ நிறம். மீன் மதியத்தில் மட்டும் மூச்சு விட்டால் போதுமா? அந்த வாரம் செத்து மிதந்த கெண்டைகளை, யாரோ விஷம் வைத்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். மேலே புதிதாக வந்த வீட்டுமனைகளின் கழிவுநீர் பள்ளத்தில் விழுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. என் பேத்தி ஏழாவது படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் வெள்ளை பிளாஸ்டிக் தட்டும் பழைய கொசுவலைத் துண்டும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இழுத்துப் போவாள். மலையடிவாரத்தில் ஓடுகிற தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டினால், வாலில் மூன்று மயிரிழையும் வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் செவுளும் உள்ள பூச்சிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஒரு புழு ஊர்ந்துபோகும். "அப்புச்சி, வீட்டைத் தூக்கிட்டே போகுதுங்க!" என்று கத்தினாள். பாலத்தடிக்கு வந்தால் இவை ஒன்றும் இல்லை. கருப்புச் சேற்றில் சிவப்புச் சிவப்பாய் நெளிகிற இரத்தப்புழு மட்டும்தான். ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றிலும் பிழைக்க அதன் உடம்பில் நம்மைப் போல ஹீமோகுளோபின் இருக்கிறது. பாட்டில் அந்த ஒரு நிமிஷத்துத் தண்ணீரைச் சொல்லும். மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கிற பூச்சியோ, போன மாதம் ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடும். இப்படி அடித்தரைப் பூச்சிகளை எண்ணி மதிப்பெண் போடும் முறை மேற்சொன்ன வாரியத்திடமே இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் பள்ளத்தைத் தூர்வாரச் சொல்லி ஊரார் கொடுத்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. பொக்லைன் வந்தது. சீமைக்கருவேலத்தோடு கரையில் இருந்த புங்கனும் நீர்மருதும் போயின. அடியில் இருந்த கல்லெல்லாம் டிப்பரில் ஏறியது. பார்க்கச் சுத்தமாக இருந்தது, எங்களுக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் வெயில் நேராக விழுந்து பாசி ஏறியது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். பூச்சி ஒட்டக் கல்லும் இல்லை, மீன் ஒதுங்க நிழலும் இல்லை.

ஆகவே, மழைக்கு மறுநாள் பகலில் எடுத்த ஒரு பாட்டிலை வைத்து எங்கள் பள்ளத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டாம். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை, ஊருக்கு மேலே, பாலத்தடியில், நொய்யல் ஆற்றில் சேருமிடத்தில் என்று மூன்று இடத்திலும் விடியலிலேயே எடுக்கட்டும். கல்லையும் புரட்டட்டும். தேதி, நேரம், இடம் மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் அது செய்தி. இதை உங்கள் நிருபரும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை பேத்தி வருகிறாள். யாராவது வருவதாக இருந்தால் காலை ஐந்தரைக்குள் பாலத்துக்கு வந்துவிடவும். பாலத்தடியில் பீர் பாட்டில் சில்லு நிறையக் கிடக்கிறது, செருப்போடு இறங்கவும்.

இப்படிக்கு,
பழைய லேப்காரன் ஒருவன்,
பேரூர் மேற்கு, கோவை மாவட்டம்
(பெயரைப் போட வேண்டாம்)