பீடத்தில் சிறுமியர்

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கத் திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடப் பணிக்குச் சிறுமியரைச் சேர்ப்பது சட்டமீறல் என்று இன்னும் சிலர் வாதிடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் 230-இன் இரண்டாம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது என்று வத்திக்கான் 1994-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அனுமதிப்பது மறைமாவட்ட ஆயரின் பொறுப்பு. ஆனால் அந்த அனுமதியைக் காட்டிப் பங்குத்தந்தையைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது வத்திக்கானின் 2001-ஆம் ஆண்டு விளக்கம். (2021-இல் பெண்களுக்குத் திறக்கப்பட்ட, ஆயர் முறைப்படி ஏற்படுத்தும் நிலையான பீடத்துணைவர் பணி வேறு.)

பீடத்தில் தடுமாற்றம் வருவது பயிற்சி போதாததால்தான், பையனானாலும் பெண்ணானாலும். கரி நன்றாகக் கனன்று மேலே சாம்பல் பூக்கும் முன்பே சாம்பிராணியை அள்ளிக் கொட்டினால் தூபக் கலசம் அணைந்துபோகும். அங்கி கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் பீடப் படியில் கால் சிக்கும். திராட்சை இரசக் குப்பியை நீட்டும்போது கைப்பிடி குருவின் பக்கம் இருக்க வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான்.

இப்படிக்கு,
பீடப் பணியாளர் பயிற்றுநர்கள்