ரெப் வீட்டு கூரை வேலை முடிஞ்சுது: 1988-91 பிசிக்ஸ் செட்டுக்கு கணக்கும் விளக்கமும்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம காலேஜ் கிளாஸ் ரெப்போட வீட்டுக் கூரை வேலை 2024 ஜூலை 14ம் தேதியோட முடிஞ்சுது. மொத்த செலவு 4,71,850 ரூவா. ஜனவரில நாகர்கோவில்ல கூடினப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டது 3,20,000. ஆக 1,51,850 கூடுதல். இத முதல்லயே சொல்லிட்டு தொடங்குறோம், ஏன்னா ரெண்டு மாசமா போன்லயும் கல்யாண வீட்டுலயும் எங்க கமிட்டி அஞ்சு பேர்ட்ட கேட்டதெல்லாம் இந்த ஒண்ணர லட்சத்த பத்திதான். கேட்டது தப்பில்ல, உங்க பைசா. ஆனா பதில் முழுசா கேக்கணும், பாதியில போன வைக்கப்படாது.

இதுல யாருக்கும் பேரு போடல, ஊர் பேருதான். அட்டெண்டன்ஸ்ல என்ன இருந்தாலும் மூணு வருசமும் நாம கூப்பிட்டது ஊர் பேர சொல்லித்தான, ரெப்போட நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு. கமிட்டி கொட்டாரம், அருமனை, திருவட்டார், தக்கலை, அப்புறம் எழுதுற நான் பூதப்பாண்டி.

அந்த நோட்ட பத்தி ரெண்டு வார்த்தை. 42 பேரு படிச்சோம். 1991ல கடைசி பரீட்சை அன்னைக்கு ரெப் ஒரு நீள நோட்டுல எல்லார் அட்ரஸும் எழுதி வாங்கினான். நாம சேரும்போது மதுரை காமராசர் யுனிவர்சிட்டி, நடுவுல 1990ல திருநெல்வேலில மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி வந்துது, சர்டிபிகேட்டுக்கு எங்க போய் நிக்கணும்னு தெரியாம முழிச்ச நேரத்துல நமக்காக அலைஞ்சதும் அவன்தான். அதுக்கு பிறகு எல்லா பொங்கலுக்கும் 15 பைசா கார்டு, வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு ஏரோகிராம், கார்டு விலை கூடினாலும் நிறுத்தல. யாருக்கு கல்யாணம், யாருக்கு பிள்ளை, யாரு போயிட்டாவ, எல்லாம் அவன் கார்டுல வந்துதான் நமக்கு தெரியும். 2015ல வாட்ஸ்அப் குரூப் தொடங்கினதும் அந்த நோட்ட பாத்துதான்.

2022 பொங்கலுக்கு கார்டு வரல. ஒருத்தருக்கும் வரல. தபால் தாமதம்னு இருந்துட்டோம். மாசி மாசம் திருவட்டார் ஒரு வேலையா குலசேகரம் போன இடத்துல வீட்டுக்கு போய் பாத்தப்பதான், முந்தின கார்த்திகைலயே பக்கவாதம் வந்து வலது கை வலது கால் விழுந்து கெடக்கான்னு தெரிஞ்சுது. ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருக்கு. எல்லார் சேதியும் சொன்னவன் அவன், அவன் சேதிய சொல்ல நம்மள்ல ஒருத்தரும் இல்லாம போச்சு. இத எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்குது.

வீடு எப்படி இருந்துதுன்னு பாத்தவங்களுக்கு தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல பக்கத்து விளையில நின்ன ரப்பர் மரம் கூரை மேல விழுந்து மேக்கு மூலை ஓடெல்லாம் போச்சு. அதுக்கு தார்ப்பாய கட்டி ஆறு வருசம் ஓட்டியிருக்காவ. நமக்கு ஜூன்ல தொடங்குற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, காய நேரமே கிடையாது. நோட்ட எங்கன்னு கேட்டோம், மைனி, ரெப்போட வீட்டுக்காரி, அரிசி டப்பாக்குள்ள இருந்து எடுத்தாவ. வீட்டுல நனையாத இடம் அது ஒண்ணுதான்னு சொன்னாவ.

பைசாவ அப்படியே கையில குடுத்திருக்கலாமேன்னு சில பேரு. குடுத்தா அது ஆஸ்பத்திரி கடனுக்கு போயிருக்கும், அது தப்புன்னு சொல்லல, ஆனா கூரை ஒழுகிட்டேதான் கெடக்கும். கான்கிரீட் போட்டிருக்கலாமேன்னு வேற சில பேரு. சுவர் செங்கலும் களிமண்ணும் வச்சு அவன் தாத்தா காலத்துல கட்டினது, சிலாப் பாரத்த தாங்காது, ரெண்டு கொத்தனார வச்சு பாத்தாச்சு. ஷீட் போட்டா மத்தியானம் உள்ள கெடக்க முடியாது, நாள் பூரா படுத்துக் கெடக்க மனுசன். அதான் ஓடு.

இனி காண்ட்ராக்டர் விசயம். பேரு வேண்டாம், யாரு சொல்லி புடிச்சோம்னும் வேண்டாம், நல்ல மனசோடதான் சொன்னாவ. முதல்ல நாம நினைச்சது கெட்டுப்போன கழுக்கோல் (ஓட்ட தாங்குற சாய்வு மரம்) இருபது மாத்தினா போதும்னு. ஏப்ரல்ல ஓட்ட இறக்கி பாத்தா உத்தரம் முழுக்க சிதல் (கரையான்) தின்னுருக்கு, அயினி மரம், விரல வச்சு அமுக்கினா உள்ள போகுது. புதுசா அயினி வாங்குற விலைக்கு நம்மட்ட பைசா இல்ல. அதனால சதுர ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பு வச்சு சட்டம் அடிச்சு மேல ஓடு போடுறதுன்னு அதே காண்ட்ராக்டர்ட்ட 2,40,000க்கு பேசி 90,000 அட்வான்ஸ் குடுத்தோம். கொட்டேஷன் எழுதி வாங்கினோம், அதுல 50க்கு 50 எம்எம் பைப்பு, தகட்டு கனம் 2 எம்எம்னு தெளிவா இருக்கு, பைல்ல வச்சிருக்கோம், யாரு வேணும்னாலும் பாக்கலாம்.

மே மாசம் பைப்பு வந்து இறங்குது. பாக்க புதுசா பளபளன்னுதான் இருந்துது. ரெப் வாசல்ல நாற்காலில இருந்தான், பேச்சு இப்பவும் குழறும், மூணு தடவ சொன்ன பிறகுதான் எனக்கு புரிஞ்சுது, “நிறுத்துப் பாருலே”ங்கான். அவன் கடையில ரப்பர் ஷீட் எடை போட்ட தராசு திண்ணைல கெடக்கு. ஆறு மீட்டர் பைப்பு ஒண்ண தூக்கி வச்சா 11 கிலோ. 2 எம்எம்னா அந்த நீளத்துக்கு 18 கிலோ வரணும். கணக்குல பிழையோன்னு, ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்குற தக்கலைகிட்ட இருந்து கனம் அளக்குற வெர்னியர் காலிப்பர் வரவழைச்சு நாலு பைப்புல அளந்தோம். நாலும் 1.2 எம்எம். காண்ட்ராக்டர்ட்ட கேட்டா “ஊர்ல எல்லாரும் இதுதான் போடுறாவ சார்”னு சொல்றாரு. ஒரு ஓடு ரெண்டர கிலோவுக்கு குறையாது, இந்த கூரைக்கு 900 ஓடுக்கு மேல வேணும், ரெண்டேகால் டன் பாரம் அந்த படுக்கைக்கு மேல நிக்கப்போகுது. எப்படி சம்மதிக்க முடியும்? அளவுல உள்ள பைப்பு கொண்டு வாங்கன்னோம். ரேட்ட கூட்டிக் கேட்டாரு. முடியாதுன்னோம். மறுநாள் பைப்பையும் ஏத்திக்கிட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு போனவரு பிறகு வரல, போனும் எடுக்கல. கூரை திறந்து கெடக்கு.

அன்னைக்கு ராத்திரியே மழை. ரெப்ப பக்கத்து வீட்டுக்கு தூக்கிட்டு போனோம், அந்த வீட்டுக்காரங்க மூணு வாரம் வச்சு பாத்துக்கிட்டாவ, ஒரு பைசா வாங்கல, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்களுக்கும் சேத்து குடுத்தாவ. அவங்களுக்கு நம்ம செட்டு கடன்பட்டிருக்கு.

போலீஸ்ல குடுக்காம விட்டுட்டீங்க, உள்ள ஏதோ இருக்குன்னு ஒருத்தர் சொன்னதா காதுல விழுந்துது. அது ரொம்ப வலிச்சுது. மூணு தடவ அவரு வீட்டுக்கு போனோம், 20,000 திருப்பி வாங்கினோம். ஓடு இறக்கினது, மரம் மாத்தினது, சுவர் பூசினது எல்லாம் அளந்து பாத்தா 38,000க்கு வேலை நடந்திருக்கு. பாக்கி 32,000 நஷ்டம். நஷ்டம்னுதான் எழுதுறோம், வேற பேரு போட்டு மறைக்கல. கேஸுன்னு போயிருந்தா அந்த 32,000 என்னைக்காவது கிடைச்சிருக்கலாம், ஆனா ஜூன் மழைக்குள்ள கூரை வந்திருக்காது. எங்களுக்கு கூரைதான் பெருசா தெரிஞ்சுது. இன்னைக்கு கேட்டாலும் அதேதான் செய்வோம்.

அதுக்கு பிறகு காண்ட்ராக்டரே வேண்டாம்னு பைப்ப நாமளே கடையில எடை போட்டு வாங்கி, அந்த ஊர் வெல்டர் ஒருத்தர வச்சு செஞ்சோம். அருமனையும் திருவட்டாரும் மாறி மாறி தினமும் காலைல போய் சாயங்காலம் வரைக்கும் நின்னாவ, அருமனை கடைய அடைச்சிட்டு நின்னதுக்கு கணக்குல ஒரு வரியும் கிடையாது. வெல்டர் சொன்னது, சுவர் மேல சும்மா வச்சா காத்து தூக்கிரும், சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு போல்ட் இறுக்கணும்னு. ஒக்கிய பாத்தவங்க அத வேண்டாம்னு சொல்ல முடியுமா. 64,000 ஆச்சு. பெல்ட்டுக்கு தண்ணி ஊத்தி ஏழு நாள் காத்திருந்ததுல வேலை தள்ளிப்போச்சு.

யார்ட்டயும் கேக்காம செஞ்சது ஒண்ணு உண்டு, ஒத்துக்கிறோம். கக்கூஸ். பழசு கொல்லைப்பக்கம், நாலு படி இறங்கணும். ராத்திரி மைனி ஒத்தைக்கு அவன தாங்கி கூட்டிட்டு போறத கொட்டாரம் ஒரு நாள் அங்க தங்கினப்ப பாத்துட்டு வந்து சொன்னான், அடுத்த நாளே கொத்தனார்ட்ட சொல்லிட்டோம். ரூமை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், சுவர்ல புடிக்க கம்பி, வாசலுக்கு வீல்சேர் ஏற சரிவு. ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும், திண்ணை ஒண்ணர அடி, ஆக 18 அடி, முற்றத்துல நேரா இடம் இல்லாததால திருப்பி போட்டிருக்கு. எல்லாம் சேத்து 46,000. மீட்டிங் கூட்டி ஓட்டு கேக்க ரெண்டு வாரம் ஆகும். அந்த ரெண்டு வாரமும் அந்த நாலு படியும் எங்க கண்ணு முன்னாடி நின்னுது. தப்புன்னா இந்த 46,000த்த எங்க மேல எழுதுங்க.

வயரிங் முடிஞ்சுது, வெள்ளையடிச்சாச்சு.

செலவு: வெல்டரும் பைப்பும் 1,68,000, புது ஓடு 340ம் மோட்டு ஓடும் வண்டிக்கூலியும் 24,500 (பழைய ஓட்டுல 570 கழுவி திரும்ப போட்டோம்), முதல் காண்ட்ராக்டருக்கு போனது 70,000, பெல்ட் 64,000, கொத்தனார் சித்தாள் கூலி 58,350, டாய்லெட்டும் சரிவும் 46,000, வயரிங் 22,000, பெயிண்ட் 19,000. கூடுதல் எங்கன்னா பெல்ட், டாய்லெட், நஷ்டம் மூணுமே 1,42,000, மிச்சம் 9,850 விலை ஏறினது.

வரவு: மஸ்கட்ல இருந்து மணவாளக்குறிச்சியும் கருங்கலும் ஆளுக்கு 50,000. கொட்டாரம், அருமனை, தோவாளை, ராஜாக்கமங்கலம், வில்லுக்குறி, களியக்காவிளை ஆளுக்கு 25,000. சுசீந்திரம், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி, தக்கலை, இரணியல், குளச்சல், முட்டம், தேரூர், மயிலாடி, ஆற்றூர், மேல்புறம், நித்திரவிளை, வடசேரி, கோட்டார் ஆளுக்கு 10,000. திருவட்டார், வேர்கிளம்பி, தேங்காப்பட்டணம், புதுக்கடை, அஞ்சுகிராமம், பறக்கை, தாழக்குடி, மண்டைக்காடு ஆளுக்கு 5,000. ஊர் பேரும் சொல்லாதீங்கன்னு ஒருத்தர் 20,000. ஆட்டோ ஓட்டுற திங்கள்சந்தை ஜனவரில இருந்து மாசம் ஆயிரமா எட்டு மாசம் 8,000, கடைசி ஆயிரம் நேத்து வந்துது. மொத்தம் 32 பேரு, 4,58,000. நாலு பேரால முடியல, அவங்கள யாரும் எதுவும் கேக்கப்படாது, அது எங்க வேண்டுகோள். அஞ்சு பேரு இப்ப நம்மகூட இல்ல.

துண்டு விழுந்த 13,850 கமிட்டி அஞ்சு பேரும் ஆளுக்கு 2,770 போட்டு தீத்தாச்சு, அத திருப்பி கேக்கல. பில்லு எல்லாம் தக்கலை வீட்டுல பைல்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை போய் பாக்கலாம். இந்த கமிட்டி இன்னையோட கலையுது. எனக்கு ஒரு ஆறு மாசமாவது கணக்கு நோட்டு பக்கம் தல வைக்க முடியாது.

இன்னொண்ணு. நோட்டுல ஏழு பேரோட அட்ரஸ் பழசு. களியக்காவிளை, முட்டம், தேரூர், கோட்டார், பறக்கை, மயிலாடி, கருங்கல், நீங்க புது அட்ரஸ பின்கோடோட தபால்ல அனுப்புங்க, போன்ல வேண்டாம், ரெப்புக்கு கையில வாங்கி பாக்கணுமாம். ரெப் சொல்ல சொல்ல மைனி எழுதிக்கிறாவ. நோட்டு இப்ப அலமாரில இருக்கு.