பஸ் இலவசம்தான், ஏறுவதற்கு வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழ்தான். முன்பெல்லாம் என் வீட்டுக்காரர் படித்து எனக்குச் சொல்வார், இப்போது நான் படித்து அவருக்குச் சொல்கிறேன். தரைக்குப் பக்கத்திலேயே தளம் இருக்கிற தாழ்தளப் பேருந்துகளைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியையும் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த பஸ்ஸாவது நிறுத்தத்தை ஒட்டி நிற்குமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் 31 வருஷம் தபால்காரராக வேலை பார்த்தவர். இந்த ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த வீட்டு வாசலில் படி உடைந்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஏழு வருஷத்துக்கு முன்னால் கிளாக்கோமா என்றார்கள், கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய். அவரைப் போன்றவர்களுக்கு முதலில் போவது பக்கப் பார்வைதான், நேர் எதிரில் இருப்பது ரொம்ப நாள் தெரிந்துகொண்டிருக்கும். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல என்று அவர் சொல்வார். அதனால் எதிரே வரும் பஸ்ஸின் போர்டை அவர் படித்துவிடுவார், ஆனால் காலடியில் இருக்கிற படி தெரியாது, இடது பக்கம் வருகிற வண்டி தெரியாது. ஒருமுறை மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டியபோது, "போர்டைப் படிச்சுட்டுத்தானே ஏறினீங்க, அப்புறம் கண்ணு தெரியலைன்னா எப்படி?" என்று ஒரு கண்டக்டர் கேட்டுவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் பதில் சொல்லாமல் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பார்வை மங்குவது மட்டும் குறைபாடு இல்லை, பார்வையின் பரப்பு சுருங்கினாலும் குறைபாடுதான் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இதை அந்தக் கண்டக்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வந்தது வேறு ஒரு நாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வந்தது, ஆனால் நிறுத்தத்தில் நிற்கவில்லை, நடைமேடையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நடுரோட்டில் நின்றது. நான் முதலில் இறங்கிக் கையை நீட்டினேன். அவர் ஒரு காலைத் தரையில் வைத்து அடுத்த காலை எடுக்கும்போது, பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில் ஒரு பைக் புகுந்தது. ஹேண்டில்பார் அவர் தோளில் இருந்த பையில் மாட்டி இழுத்துவிட்டது. மணிக்கட்டில் அடி, மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், சொட்டு மருந்து பாட்டில் ஒரு பக்கம். பைக்காரப் பையன் நின்று தூக்கிவிட்டான், அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். பஸ் அதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து நாலு மாதம் அவர் பஸ் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, போகவர 300 ரூபாய். மற்றபடி வாசல் திண்ணைதான். ஊரெல்லாம் நடந்து கடிதம் கொடுத்த மனுஷன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

தாழ்தள பஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி. பாதித் தாழ்தளம் 650. முழுத் தாழ்தளம் 400, முழங்காலுக்கும் கீழே. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது, அந்த 400-க்கும் 900-க்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை என் கால் சொல்லும். சென்னையில் மாற்றுத்திறனாளி உரிமைக்காரர்கள் உயர் நீதிமன்றப் படி ஏறிப் போராடிய பிறகுதான் புதுத் தாழ்தள பஸ்கள் 2024 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தன. எங்களைப் போன்ற ஊர்களுக்கு எப்போது வரும் என்று தெரியாது, வரட்டும்.

ஆனால் வந்தாலும் அது எங்கே நிற்கும் என்பதுதான் விஷயம். ஒரு கணக்குப் பாருங்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்கு அந்த பஸ்ஸில் மடக்குப் பலகை இருக்கிறது. நடைமேடை 150 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம், பஸ் அதை ஒட்டி நின்றால் பலகை ஏற வேண்டியது 250 மில்லிமீட்டர்தான். நடுரோட்டில் நின்றால் 400-ம் ஏறவேண்டும். பலகை ஒரு மீட்டர் நீளம் என்றால் முதலாவது நாலுக்கு ஒன்று சரிவு, ஒருவர் பின்னால் நின்று தள்ளினால் ஏறிவிடலாம். இரண்டாவது இரண்டரைக்கு ஒன்று. கட்டடங்களில் சாய்தளம் கட்டும்போது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி, அதோடு ஒப்பிட்டால் இது சுவர். ஆக, அத்தனை செலவு செய்து வாங்கிய பஸ், ஏழடி தள்ளி நின்றால் பாதி வீண். பழைய மூன்றடி பஸ்ஸே நடைமேடையை உரசினாற்போல் நின்றால் முதல் படியின் உயரம் நன்றாகக் குறைந்துவிடும், நடுவில் பைக்கும் நுழையாது. புது பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, இதை நாளைக் காலையிலிருந்து செய்யலாம்.

டிரைவர்கள் ஏன் ஓரம் கட்டுவதில்லை என்று ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரிடமே கேட்டேன், எங்கள் தெருக்காரர்தான். "ஓரத்தில் இடம் எங்கம்மா இருக்கு? நிறுத்தத்துல ரெண்டு ஆட்டோ, ஒரு தள்ளுவண்டி, நாலு பைக். உள்ளே நுழைச்சா திரும்ப வெளியே எடுக்க எவனும் வழிவிட மாட்டான், டைமிங் போயிடும். பின்னாடி தனியார் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே நிப்பான்" என்றார். நியாயம்தான். அப்படியானால் இது டிரைவரின் குணத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. நிறுத்தத்தின் முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நகராட்சியும் போக்குவரத்துப் போலீசும். ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிஷம் என்று போடுகிறவர்கள், ஒரு முதியவர் ஏறி உட்காரும் நேரத்தையும் அதில் சேர்க்கவேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு என்று நான் எண்ணியே பார்த்திருக்கிறேன். நாலு மாதம் கழித்து அவரை எப்படியோ சம்மதிக்கவைத்துக் கூட்டிப்போனபோது, அன்று வந்த கண்டக்டர் இளைஞர். என் வீட்டுக்காரர் கம்பியைத் தேடித் தடவுவதைப் பார்த்ததுமே படிக்கு இறங்கி வந்தார். இவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதுதான் பெரிய விஷயம், எல்லோரும் உதவி செய்கிறேன் என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள், பார்வை இல்லாதவருக்கு அதைவிடப் பயம் வேறில்லை. இந்தப் பையன் இவருடைய கையைக் கம்பியின் மேல் கொண்டுபோய் வைத்து, "ஐயா, மூணு படி, மூணாவது கொஞ்சம் உசரம்" என்றார். ஏறியதும், "வலது கைப்பக்கம் முதல் சீட்டு காலியா இருக்கு" என்றார். இவர் உட்கார்ந்து முன் கம்பியைப் பிடித்த பிறகுதான் விசில். மொத்தம் 14 விநாடி. நிறுத்தம் வரும்போதெல்லாம் பெயரைச் சத்தமாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி, "தம்பி இப்படிச் சொன்னா எனக்கும் நல்லா இருக்கு, யாரையும் கேக்க வேண்டாம்" என்றது. வீட்டுக்கு வந்து அவர் நாலு பேரிடம் அந்தக் கண்டக்டரைப் பற்றிச் சொன்னார். உட்காரும் முன்னே விசில் கொடுத்தால் பஸ் குலுங்கும், பஸ்ஸுக்குள் வயசானவர்கள் பலர் விழுவது அந்தக் குலுக்கலில்தான், இடுப்பெலும்பு போய்விட்டால் அப்புறம் அவர்கள் எழுந்திருப்பதே கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கொஞ்ச நாளிலேயே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணை ஒருவருக்கும் அதை விரிவாக்கினார்கள். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் 2016-லிருந்தே கொடுக்கிறார்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது எத்தனை பெரிய உதவி என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, மனசார நன்றி. ஆனால் காசில்லாத டிக்கெட் கையில் இருந்தும் ஏறமுடியவில்லை என்றால் அந்தச் சலுகை எங்களுக்கு வந்துசேரவில்லை என்றுதான் அர்த்தம். 2016 சட்டத்தின் 41-ஆவது பிரிவு பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை, பஸ் நிறுத்தம், கழிப்பறை, டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் சொல்கிறது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த அணுகல் வசதிகள் எல்லாம் முடிந்தால் செய்யுங்கள் என்கிற பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக்குங்கள் என்று சொல்லி மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது. பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது அந்த வார்த்தையை வாங்க.

போன பொங்கலுக்குச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மெட்ரோவில் கூட்டிப்போனாள். லிஃப்டில் இறங்கினோம், தரையில் பதித்த மேடுபள்ளக் கல்லை அவர் செருப்பாலேயே கண்டுபிடித்துவிட்டார். ரயில் வந்து நின்றது, நடைமேடையும் ரயிலின் தரையும் ஒரே மட்டம். அவர் நிற்கவே இல்லை, என் கையையும் பிடிக்கவில்லை, வீட்டு ஹாலிலிருந்து ரூமுக்குள் போவது போல உள்ளே போய்விட்டார். ஏழு வருஷத்தில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. தாழ்தள பஸ்ஸிலும் ஒருநாள் போனோம், ஒரே எட்டில் ஏறினார். கண் அதே கண்தான், படியும் பள்ளமும் இல்லாததுதான் வித்தியாசம்.

ஊருக்கு வந்த பிறகு அவர் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார், அதற்காகவும் எழுதுகிறேன். எங்கள் தெருவில் பஸ் ஏறப் பயந்து வீட்டோடு இருக்கிற மூன்று பேரை, கூட்டம் குறைவான பதினொரு மணி வாக்கில் நாங்கள் இரண்டு பேரும் கூட்டிப்போய்ப் பழக்குகிறோம். கோயில் வரைக்கும் நாலு நிறுத்தம், அவ்வளவுதான். கை முதலில், கால் அப்புறம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்கவேண்டும், இது பிசியோதெரபியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஊன்றுகோலையும் பையையும் ஒரே கையில் பிடிக்கக்கூடாது, பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளவேண்டும். ஏறியதும் கண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி, "வந்தா சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிடவேண்டும், அதில் வெட்கம் வேண்டாம். பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராத ஒரு அம்மா, நாலாவது தடவை தானாகவே பஸ் ஏறி, போன்கூடச் செய்யாமல் தங்கை வீட்டில் போய் நின்றிருக்கிறார். அன்றைக்கு அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

இதையே டிப்போவில் செய்தால் என்ன? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடாமல் நிற்கிற ஒரு பஸ்ஸை இரண்டு மணி நேரம் விடட்டும். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வந்து அவசரமில்லாமல் ஏறி இறங்கிப் பார்க்கட்டும், டிரைவர் கண்டக்டர்களும் கூட இருக்கட்டும். டிரைவர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று படியை ஒருமுறை ஏறட்டும், சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் மடக்குப் பலகையை எப்படி விரிக்கவேண்டும் என்று கண்டக்டருக்குச் சொல்லட்டும். கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள். பெரிய செலவில்லாத காரியம்.

இதைப் போக்குவரத்துத் துறையும் எங்கள் ஊர் நகராட்சியும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எங்கள் நிறுத்தத்துக்கு மஞ்சள் கோடு கேட்டு நகராட்சிக்கு நான் மனு கொடுத்திருக்கிறேன், தெருக்காரர்கள் 42 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை மறுபடியும் கண் ஆஸ்பத்திரி. ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எட்டேகாலுக்கு வருகிற வண்டி, நடைமேடை ஓரத்தில் நிற்போம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி
(பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்)