அந்தப் பேச்சுக்குப் போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகாதாரக் கொள்கை பற்றிய தொடர் சொற்பொழிவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், தேர்வுக்கு வராத விஷயம், போகவா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். போய் வா. தேர்வுக்கு வராது என்பது சரிதான்.

மருந்துக் கவுன்டரில் காலம் தள்ளியவள் நான். சீட்டில் பத்து மாத்திரை இருக்கும். வந்தவர் "இப்போதைக்கு நாலு கொடுங்க" என்பார். அட்டையை வெட்டிக் கொடுப்பேன். உறைமேல் 'காலை, மதியம், இரவு, சாப்பிட்ட பின்' என்று எழுதினால், இரவுக் காவலுக்குப் போகிறவர் "பகலெல்லாம் தூங்குறேன், எனக்கு எதும்மா காலை?" என்று கேட்பார். சீட்டு எழுதிய டாக்டர் கெட்டிக்காரர்தான், நோயையும் சரியாகப் பிடித்திருப்பார். அந்த நாலு மாத்திரை விவகாரம் மட்டும் அவர் காதுக்குப் போகவே போகாது.

இந்தப் பேச்சுகளில் அதைத்தான், சீட்டுக்கு வெளியே இருக்கிற வாழ்க்கையைத்தான் பேசுகிறார்கள். புதிதும் இல்லை. 1848இல் பிரஷ்யாவின் ஏழைப் பகுதியான அப்பர் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு டாக்டர் விர்ஹோவை அனுப்பியது. நோயியலில் நீ படிக்கிற அதே விர்ஹோதான். திரும்பி வந்து அவர் கேட்டது கல்வி, ஜனநாயகம், நல்ல சாலை, ஏழைகளை நசுக்காத வரி. அரசுக்கு எப்படி இருந்திருக்கும் பார்!

நீ காது கொடுத்துக் கேட்க வேண்டியது வைட்ஹால் ஆய்வு. 1967இல் லண்டனில் தொடங்கினார்கள். வைட்ஹால் என்பது அங்கே அரசு அலுவலகங்கள் இருக்கிற தெரு. சுமார் 18,000 ஆண்கள், எல்லோரும் அரசு ஊழியர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், யாருக்கும் கட்டணமில்லாத மருத்துவச் சேவை. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளைப் போலச் சுமார் மூன்று மடங்கு. ஏழை, பணக்காரன் கதை என்றால் நமக்குப் புரிந்துவிடும். இங்கே படிக்குப் படி மாறுகிறது. முதல் படிக்கு அடுத்த படியில் இருப்பவர்கூட, வசதியானவர்தான், முதல் படிக்காரரைவிடச் சற்று முன்னதாகப் போகிறார். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். செய்கிற வேலையில் தன் சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் இதயத்தைத் தொடுகிறது என்று அதில் தெரிந்தது. இந்த இரண்டாவது ஆய்வை நடத்திய மைக்கேல் மார்மட் 2016இல் பாயர் சொற்பொழிவுகளை, ஆஸ்திரேலிய வானொலியின் வருடாந்தரத் தொடர் அது, நிகழ்த்தினார், தேடிக் கேள்.

எல்லாப் பேச்சும் உருப்படி என்று சொல்லமாட்டேன். வரைபடமாகக் காட்டித் தூங்க வைப்பவர்கள் உண்டு. 'எல்லாம் சமூகம்தான்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர்கள் அதைவிட மோசம். இன்று என் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். நீ கேட்டுப் பார். அதனால்தான் எனக்குப் பேச்சைவிடக் கேள்வி நேரம் பிடிக்கும். அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2014இல் பிபிசி வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நாலு நகரங்களில் பேசினார்; அவற்றிலும் கூட்டத்தினர் கேட்ட கேள்விகளைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அப்புறம், முதல் நாள் பேச வருகிறவர் யார் என்று எழுதவில்லையே? கொள்கை வகுக்கிற ஆளா, இன்னும் நோயாளி பார்க்கிற ஆளா? இரண்டாவது என்றால் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்.

அன்புடன்,
அம்மா